ஐந்தரை லட்சம் பேருக்கு ஒரு மாவட்டமா? பெரம்பலூரை முன்வைத்து ஒரு பதில்

கேள்வி, போட்டித் தேர்வுக்குப் படிக்கும் ஒருவருடையது. "பெரம்பலூர் மாவட்டத்தில் மொத்தமே ஐந்தரை லட்சம் பேர்தான். இதற்கு எதற்கு ஓர் ஆட்சியர், ஓர் எஸ்.பி.? அங்கே நிலம் எப்படி, நிர்வாகம் எப்படி? கொஞ்சம் விளக்கமாகச் சொல்லுங்கள்."

முதலில் கணக்கைச் சரியாக வைத்துக்கொள்வோம். 2011 கணக்கெடுப்பில் மக்கள்தொகை 5,65,223. பரப்பு 1,757 சதுர கிலோமீட்டர். தமிழ்நாட்டு மாவட்டங்களில் ஜனம் மிகக் குறைந்தது இதுதான். பக்கத்துச் சேலம் மாவட்டத்தில் அதே கணக்கெடுப்பில் 34 லட்சத்துக்கும் மேல். இந்த ஐந்தரை லட்சத்திலும் நகரவாசிகள் என்று கணக்கில் வருபவர்கள் ஆறில் ஒரு பங்குதான். மற்றவர்கள் எல்லாம் கிராமம்.

சுருக்கமான பதில் இது: பெரம்பலூரைச் சின்னதாக வைக்க வேண்டும் என்று யாரும் திட்டம் போடவில்லை. அதோடு சேர்ந்திருந்த பகுதி பிரிந்து போனதால் மிச்சம் இவ்வளவு ஆனது. அதனால்தான் இன்றைக்கும் வருவாய்த்துறையின் கோடு ஒரு பக்கம், ஓட்டுக் கோடு ஒரு பக்கம், ஆற்றின் போக்கு ஒரு பக்கம் என்று இருக்கிறது. இந்தக் கோடுகள் எங்கே விலகுகின்றன என்று பிடித்துக்கொண்டால் மாவட்டம் புரிந்துவிடும்.

பழைய திருச்சிராப்பள்ளி மாவட்டம் பெரியது. மேற்கே கரூர், அரவக்குறிச்சியில் தொடங்கி கிழக்கே ஜெயங்கொண்டம் தாண்டிப் போகும். உடையார்பாளையம் பக்கத்து விவசாயி ஒரு மனுவோடு கலெக்டரைப் பார்க்க வேண்டுமென்றால் திருச்சிக்குப் போய்த் திரும்ப ஒரு நாள் போய்விடும். 1995-ல் அதை மூன்றாக்கி, திருச்சி, கரூர், பெரம்பலூர் என்று பிரித்தார்கள். அன்றைய பெரம்பலூர் மாவட்டத்துக்குள் இன்றைய அரியலூரும் அடக்கம். சிமென்ட் ஆலைகள், கொள்ளிடக் கரை, கங்கைகொண்ட சோழபுரம், சென்னை–திருச்சி ரயில் பாதை எல்லாம் உள்ளே இருந்தன.

ஆனால் அரியலூர்க்காரர்களுக்குத் தலைநகர் பெரம்பலூரில் அமைந்தது உவப்பாக இல்லை. ரயில் நிற்கும் ஊர், ஆலை ஓடும் ஊர் எங்களுடையது, நாங்கள் ஏன் அங்கே போக வேண்டும் என்ற கேள்வி நியாயமானதுதான். 2001 ஜனவரி 1-ல் அரியலூர் தனி மாவட்டம் ஆனது. 2002 மார்ச் 31-ல் மறுபடியும் பெரம்பலூரோடு சேர்த்துவிட்டார்கள். 2007 நவம்பர் 23-ல் திரும்பவும் தனி மாவட்டம். ஏழு வருஷத்துக்குள் ஒரே எல்லையை மூன்று தடவை மாற்றியிருக்கிறார்கள். இதற்கு நடுவில் கோப்புகள் இரண்டு ஊருக்கும் லாரியில் போய் வந்த கதையை அந்தக் காலத்து அலுவலர்கள் யாரிடம் கேட்டாலும் சொல்வார்கள். கடைசிப் பிரிவினையில் அரியலூர், உடையார்பாளையம், செந்துறை வட்டங்கள் அந்தப் பக்கம் போயின. இந்தப் பக்கம் மிஞ்சியது பச்சைமலை அடிவாரமும் கரிசல் காடும் நெடுஞ்சாலையும்.

இனி நிலம். மேற்கே பச்சைமலை. திருச்சி, சேலம், பெரம்பலூர் மூன்று மாவட்டங்களும் பங்கு போட்டுக்கொண்டிருக்கும் மலை இது. நமக்குக் கிடைத்தது கிழக்குச் சரிவு. மலையாளப்பட்டி, பூலாம்பாடி, அரும்பாவூர், லாடபுரம் எல்லாம் அதன் அடிவாரத்தில் இருக்கின்றன. மழைக்காலத்தில் லாடபுரம் பக்கம் மயிலூற்றிலும், மலையாளப்பட்டிக்கு மேலே கோரையாற்றிலும் அருவி விழும். அடிவாரத்திலிருந்து கிழக்கே தரை மெல்ல மெல்லச் சரிந்துகொண்டே போகிறது. வடக்கே வெள்ளாறு எல்லை. அதற்கு அப்பால் கடலூர் மாவட்டம். கிழக்கே அரியலூர், தெற்கே திருச்சி. கடற்கரை கிடையாது. காவிரியும் தொடவில்லை. டெல்டாவுக்கு இவ்வளவு பக்கத்தில் இருந்துகொண்டு கால்வாய்ப் பாசனம் இல்லாத ஊர்.

தண்ணீர் இரண்டு பக்கமாகப் பிரிகிறது. வடபாதியில் கல்லாறு, சின்னாறு போன்ற ஓடைகள் வெள்ளாற்றில் சேர்ந்து பரங்கிப்பேட்டையில் கடலுக்குப் போகும். தென்பாதி மருதையாற்றின் பக்கம். அது கிழக்கே அரியலூர் மாவட்டத்துக்குள் போய்க் கொள்ளிடத்தில் கலக்கும். இரண்டுமே மழை பெய்தால் ஓடும், நின்றால் மணல்தான். ஆண்டு மழை சராசரியாக 861 மில்லிமீட்டர், அதில் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையில். இதைப் பிடித்து வைக்கத்தான் ஏரிகள். நீர்வளத்துறையின் கையில் மட்டும் 73 ஏரிகள். ஊராட்சிகளின் குளம் குட்டைகள் தனி. பச்சைமலைக்கும் செம்மலைக்கும் நடுவில் கல்லாற்றை மறித்து விசுவக்குடியில் ஓர் அணை கட்டியிருக்கிறார்கள். மருதையாற்றில் கொட்டரையில் ஒரு நீர்த்தேக்கம். இரண்டும் சின்னவை. பெரும்பாலான விவசாயிக்குப் பாசனம் என்றால் கிணறு, போர்வெல், இல்லையேல் மானாவாரி. பெரம்பலூர் நகரத்துக்குக் குடிநீர்கூடக் கொள்ளிடத்திலிருந்துதான் குழாயில் வருகிறது.

மண்ணுக்கு அடியில் இருப்பது இன்னும் சுவாரசியம். மேற்கே பழம்பாறை. கிழக்கிலும் தென்கிழக்கிலும் கிரெட்டேசியக் காலத்துக் கடல் படிவுகள். டைனோசர்கள் இருந்த காலத்தில் இந்தப் பகுதியில் கடல் கிடந்தது. 1862-லேயே பிளான்ஃபோர்ட் என்ற நிலவியலாளர் தென்னார்க்காடு, திருச்சி மாவட்டங்களின் இந்தப் பாறைகளைப் பற்றி விரிவாக எழுதிவிட்டார். ஆலத்தூர் வட்டத்தில் காரை என்ற ஊர்ப் பக்கம் போனால் கண்ணாலேயே பார்க்கலாம். செம்மண்ணும் சாம்பல் களிமண்ணும் மழையில் அரிக்கப்பட்டு, புல் பூண்டு இல்லாமல் மேடும் பள்ளமுமாகக் கிடக்கும். வெடிப்புகளில் கண்ணாடிச் சில்லு மாதிரி மினுங்குவது ஜிப்சம். குனிந்து தேடினால் விரல் நீளத்துக்குத் தோட்டா வடிவில் கல் கிடைக்கும். அது பெலம்னைட், கணவாய் மீனுக்குத் தூரத்து உறவான ஓர் உயிரியின் உள்ளோடு. எடுத்துப் பார்த்துவிட்டு அங்கேயே போட்டுவிட்டு வாருங்கள். ஆராய்ச்சி மாணவர்கள் இன்னும் வந்துகொண்டிருக்கிறார்கள்.

காரைக்குப் போகிறவர்கள் சாத்தனூர் கல்மரத்தையும் பார்ப்பது வழக்கம். 1940-ல் இந்திய நிலவியல் ஆய்வுத்துறையைச் சேர்ந்த எம்.எஸ். கிருஷ்ணன் அடையாளம் கண்டது. 18 மீட்டர் நீளத்துக்கு ஒரு மரம் படுத்த வாக்கில் கல்லாகக் கிடக்கிறது. கடலோரக் காட்டிலிருந்து ஆறு அடித்துக்கொண்டு வந்து சேற்றில் புதைத்த மரம் அது. குன்னம் பக்கம் உருண்டைக் கற்கள் கிடைக்கும்போதெல்லாம் டைனோசர் முட்டை என்று வாட்ஸ்அப்பில் பரவும். நிலவியல் படித்தவர்கள் வந்து, அம்மோனைட் என்ற பழங்காலக் கடல் உயிரியின் ஓட்டைச் சுற்றி மண் இறுகிய உருண்டை என்று சொல்லிவிட்டுப் போவார்கள். முட்டை என்ற செய்தி ஓடிய தூரத்தில் பாதிகூட இந்த விளக்கம் ஓடாது.

இந்தக் கடல் மண்தான் மேலே கரிசல். ஈரத்தைப் பிடித்து வைக்கும், அதனால் மானாவாரிக்கு ஏற்றது. பருத்தி, மக்காச்சோளம் அதில் வரும். மேற்கே செம்மண்ணில் கிணற்றுப் பாசனத்தில் சின்ன வெங்காயம், மஞ்சள், கரும்பு. மக்காச்சோளத்திலும் சின்ன வெங்காயத்திலும் தமிழ்நாட்டில் முன்னணியில் இருக்கும் மாவட்டம் இது. இவ்வளவு சின்ன இடத்துக்கு அது பெரிய விஷயம். மக்காச்சோளம் பெரும்பாலும் நாமக்கல் கோழிப்பண்ணைகளுக்குத் தீவனமாகப் போகிறது. அறுவடை மாதங்களில் களம் போதாமல் சாலையின் ஒரு பக்கத்தையே களமாக்கிவிடுவார்கள். மஞ்சளாகக் கிலோமீட்டர் கணக்கில் காயும். இருட்டிய பிறகு இருசக்கர வண்டியில் போகிறவர்கள் கவனமாகப் போக வேண்டும். 2018-ல் படைப்புழு வந்து மக்காச்சோளத்தைக் குருத்தோடு தின்றது இந்தப் பக்கத்து விவசாயிகளுக்கு மறக்காத வருஷம்.

வெங்காயத்துக்கு வருவோம். செட்டிகுளம், பாடாலூர், இரூர் பக்கத்தில் வயலோரம் நீளமாக, குறுகலாக, கூரை போட்ட ஒன்று தெரியும். அதற்குப் பட்டறை என்று பெயர். மேடான இடம் பார்த்து, அடியில் கல் பரப்பி, இரு பக்கமும் குச்சி கட்டி, தாளோடு காய்ந்த வெங்காயத்தை உள்ளே போட்டு, மேலே தோகையோ கீற்றோ வேய்வார்கள். அகலம் குறைவாக இருந்தால்தான் காற்று ஊடுருவும். அகலம் கூடினால் நடுவில் வெந்து அழுகிவிடும். விலை வரும் வரை காத்திருக்கவும், அடுத்த போகத்துக்கு விதை வைத்துக்கொள்ளவும் இதுதான் வழி. செலவு குறைவு, மின்சாரம் வேண்டாம். குளிர்பதனக் கிடங்கைப் பற்றிப் பேசுகிறவர்கள் ஒரு தடவை பட்டறைக்குள் கைவிட்டுப் பார்க்கலாம். 2019 கடைசியில் வெங்காய விலை எங்கேயோ போனபோது, பட்டறையிலிருந்து விதை வெங்காயம் களவு போன செய்தி இந்த மாவட்டத்திலிருந்துதான் வந்தது. ஈரம் கூடின வருஷத்தில் தாள் முறுக்கிக்கொள்ளும் திருகல் நோய் வரும். கோழிக்கால் நோய் என்றும் ஊரில் சொல்வார்கள்.

சரி, நிர்வாகம். இங்கே எந்த மாவட்டத்தையும் போல இரண்டு ஏணிகள். ஒன்று வருவாய் ஏணி: வி.ஏ.ஓ., ஆர்.ஐ. (வருவாய் ஆய்வாளர்), தாசில்தார், ஆர்.டி.ஓ. (வருவாய்க் கோட்டாட்சியர்), டி.ஆர்.ஓ. (மாவட்ட வருவாய் அலுவலர்), மேலே ஆட்சியர். இன்னொன்று வளர்ச்சி ஏணி: ஊராட்சி, ஊராட்சி ஒன்றியம், மாவட்ட ஊராட்சி, அவற்றுக்குப் பக்கத்திலேயே பி.டி.ஓ. (வட்டார வளர்ச்சி அலுவலர்) முதலான அலுவலர்கள். பட்டா, சிட்டா, அடங்கல், சாதிச் சான்று, வாரிசுச் சான்று முதல் ஏணி. தெருவிளக்கு, குடிநீர், நூறு நாள் வேலை, சிமென்ட் சாலை இரண்டாவது ஏணி. ஊருக்குள் தாறுமாறாக மனு கொடுத்து அலைகிறவர்களில் பாதிப் பேர் ஏணி மாறி ஏறியவர்கள்.

பெரம்பலூரில் ஒரே ஒரு வருவாய்க் கோட்டம், நான்கு வட்டங்கள்: பெரம்பலூர், வேப்பந்தட்டை, குன்னம், ஆலத்தூர். அதற்குக் கீழே 11 குறுவட்டங்கள், 152 வருவாய்க் கிராமங்கள். வளர்ச்சிப் பக்கத்திலும் நான்கு ஒன்றியங்கள்: பெரம்பலூர், வேப்பந்தட்டை, வேப்பூர், ஆலத்தூர். 121 ஊராட்சிகள். நகராட்சி பெரம்பலூர் ஒன்றுதான். பேரூராட்சிகள் நான்கு: அரும்பாவூர், பூலாம்பாடி, குரும்பலூர், லப்பைக்குடிகாடு.

இரண்டு பட்டியலையும் ஒப்பிட்டுப் பார்த்தீர்களா? மூன்று பெயர் ஒன்று, நான்காவது மட்டும் மாறுகிறது. வட்டம் குன்னம், ஒன்றியம் வேப்பூர். இரண்டும் வெவ்வேறு ஊர்கள். பட்டா மாறுதலுக்குக் குன்னம் போகிறவர், வீட்டுத் திட்டத்துக்கு வேப்பூர் போக வேண்டும். தேர்வில் இதைக் கேட்டால் தவறவிடாதீர்கள். அதேபோல வருவாய்க் கிராமம் 152, ஊராட்சி 121 என்பதையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. வருவாய்க் கிராமம் நில அளவைக் காலத்திலிருந்து வருகிற நிலக் கணக்கு, ஊராட்சி என்பது வாக்காளர்களின் அமைப்பு. ஓர் ஊராட்சிக்குள் ஒன்றுக்கு மேற்பட்ட வருவாய்க் கிராமங்கள் இருக்கலாம்.

ஓட்டுக் கோடு இன்னும் வேடிக்கை. சட்டமன்றத் தொகுதிகள் இரண்டு: பெரம்பலூர் (தனி), குன்னம். 2008 மறுவரையறையில் பழைய வரகூர் தொகுதி போய்க் குன்னம் வந்தது. அந்தக் குன்னம் தொகுதிக்குள் அரியலூர் மாவட்டத்துச் செந்துறைப் பகுதியும் சேர்ந்திருக்கிறது. ஆக ஒரே எம்.எல்.ஏ. இரண்டு ஆட்சியர் அலுவலகங்களுக்குப் போய் வர வேண்டும். நாடாளுமன்றத்துக்கு வந்தால், குன்னம் வாக்காளர் ஓட்டுப் போடுவது சிதம்பரம் தொகுதிக்கு. பெரம்பலூர் என்ற பெயரில் உள்ள நாடாளுமன்றத் தொகுதியிலோ, பெரம்பலூர் தவிர மற்ற ஐந்தும் வெளி மாவட்டம்: குளித்தலை கரூர் மாவட்டம், லால்குடி, மண்ணச்சநல்லூர், முசிறி, துறையூர் நான்கும் திருச்சி மாவட்டம். பெயர் நம்முடையது, ஓட்டில் பெரும்பகுதி காவிரிக் கரையுடையது. பெரம்பலூர் எம்.பி. லால்குடிக் கூட்டத்தில் நெல் பற்றிப் பேசுவதும், பெரம்பலூர்க் கூட்டத்தில் ரயில் பற்றிப் பேசுவதும் இதனால்தான்.

ஆற்றோரம் போனால் வேறொரு கோடு. லப்பைக்குடிகாடு வெள்ளாற்றின் தென்கரை. எதிர்க்கரை திட்டக்குடி, அது கடலூர் மாவட்டம். வீட்டுக்கு வீடு வளைகுடா நாடுகளில் ஒருவராவது இருக்கும் ஊர் லப்பைக்குடிகாடு. கடைகண்ணிக்குப் பாலத்தைத் தாண்டினால் திட்டக்குடி. ஆனால் சான்றிதழ் வேண்டும் என்றால் குன்னம், கலெக்டர் வேண்டும் என்றால் பெரம்பலூர்.

இன்னும் பல விஷயங்களில் திருச்சி விடவே இல்லை. கூட்டுறவுக் கடன் திருச்சி மாவட்ட மத்தியக் கூட்டுறவு வங்கியின் வழி. கல்லூரிகள் பாரதிதாசன் பல்கலைக்கழகத்தின் கீழ். அரசுப் பேருந்து கும்பகோணம் கோட்டத்தின் திருச்சி மண்டலம். மாவட்டத்தைப் பிரிப்பது ஓர் அரசாணையில் முடியும். வங்கி, பல்கலைக்கழகம், பணிமனை எல்லாம் அவ்வளவு லேசில் பிரியாது. வண்டி எண்ணிலும் இந்தச் சரித்திரம் தெரியும். டிஎன் 46 பெரம்பலூர், டிஎன் 61 அரியலூர். பிரிவதற்கு முன் பதிவான பழைய அரியலூர் வண்டிகளில் 46-தான் இருக்கும்.

இப்போது உங்கள் அடிப்படைக் கேள்வி: இவ்வளவு சின்ன மாவட்டம் தேவையா? என் அபிப்பிராயம், தேவைதான். திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளுக்கு மாவட்டத்தின் எந்த மூலையிலிருந்தும் காலையில் கிளம்பி மனுவைக் கொடுத்துவிட்டு மதியச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பலாம். கூலி வேலைக்குப் போகிறவருக்கு அது அரைநாள் சம்பளம் மிச்சம். ஒரே கோட்டம் என்பதால் தாசில்தார் உத்தரவின் மேல் ஆர்.டி.ஓ.விடம் மேல்முறையீடு, அதற்கு மேல் டி.ஆர்.ஓ. என்று எல்லாமே ஒரே ஊரில் முடிகிறது. ஆண்டுதோறும் பசலி, அதாவது வருவாய்த்துறையின் கணக்கு ஆண்டு, முடியும் தருவாயில் நடக்கும் ஜமாபந்தியில் கிராமக் கணக்குகளைத் தணிக்கை செய்வார்கள். நான்கே வட்டங்கள் இருப்பதால் ஆட்சியர் வருஷத்துக்கு ஒரு வட்டத்தில் உட்கார்ந்தாலும் நான்கு வருஷத்தில் சுற்று முடிந்துவிடும். பெரிய மாவட்டங்களில் இது நடக்காது.

சின்னதாக இருப்பதில் நஷ்டமும் இருக்கிறது. மாநில அளவில் குரல் எடுபடாது. இரண்டே எம்.எல்.ஏ.க்கள். மாவட்டத் தலைநகருக்கு ரயில் நிலையம் கிடையாது, ரயில் ஏற அரியலூருக்கோ திருச்சிக்கோ போக வேண்டும். அரியலூரில் 2022-ல் அரசு மருத்துவக் கல்லூரி திறந்துவிட்டார்கள். பெரம்பலூரில் இருப்பது தனியார் மருத்துவக் கல்லூரி. பிரிந்து போன பகுதி ஆலை, ரயில், கல்லூரி என்று ஒவ்வொன்றாகச் சேர்க்க, தாய் மாவட்டம் பார்த்துக்கொண்டிருக்கிறது என்ற வருத்தம் டீக்கடைப் பேச்சில் அடிக்கடி வரும்.

ஆனால் சென்னை–திருச்சி நான்குவழிச் சாலை மாவட்டத்தின் நடுவில் ஓடுகிறது. அதுதான் இந்த ஊரின் மூலதனம். நாரணமங்கலத்தில் எம்.ஆர்.எஃப். டயர் ஆலை அதை நம்பி வந்ததுதான். திருமாந்துறைப் பக்கம் சிறப்புப் பொருளாதார மண்டலம் என்று ஏறக்குறைய 3,000 ஏக்கர் வாங்கிப் போட்டார்கள். ஆலை வரவில்லை, நிலம் வருஷக்கணக்கில் சும்மா கிடந்தது. வேலை கிடைக்கும் என்று நிலத்தைக் கொடுத்தவர்களின் கோபத்தில் நியாயம் உண்டு. பிறகு 2022-ல் எறையூரில் சிப்காட் தொழிற்பூங்காவுக்கு வழி பிறந்தது. 2023-ல் அங்கே காலணி ஆலை உற்பத்தியைத் தொடங்கியது. வேலைக்குப் போகிறவர்களில் பெரும்பாலோர் சுற்றுக் கிராமத்துப் பெண்கள். காலை ஷிஃப்ட் நேரத்தில் நிறுத்தங்களில் சீருடையோடு நிற்பதைப் பார்க்கலாம். களையெடுப்புக்கு ஆள் கிடைக்கவில்லை என்று வெங்காய விவசாயி இப்போது புலம்புகிறார். ஒரு பஞ்சாயத்து தீர்ந்தால் இன்னொன்று.

கடைசியாக, தேர்வுக்குப் படிப்பதால் ஓர் எச்சரிக்கை. 2007-க்கு முன் அச்சான பொது அறிவுப் புத்தகங்களும், அவற்றைப் பார்த்து எழுதிய குறிப்புகளும் கங்கைகொண்ட சோழபுரம், கரைவெட்டிப் பறவைகள் சரணாலயம், சிமென்ட் ஆலைகள் ஆகியவற்றைப் பெரம்பலூர் மாவட்டம் என்றே போட்டிருக்கும். அவை எல்லாம் இப்போது அரியலூர். பெரம்பலூருக்கு உரியவை இவை: 1751-ல் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் மோதிய வாலிகொண்டா சண்டையோடு தொடர்புடைய ரஞ்சன்குடிக் கோட்டை, வாலிகண்டபுரம் வாலீஸ்வரர் கோயில், திங்களும் வெள்ளியும் மட்டும் நடை திறக்கும் சிறுவாச்சூர் மதுரகாளியம்மன், கையில் கரும்போடு நிற்கும் செட்டிகுளம் முருகன், 2020-ல் புவிசார் குறியீடு பெற்ற அரும்பாவூர் மரச்சிற்பம், அப்புறம் சாத்தனூர் கல்மரம். கையில் இருக்கும் புத்தகம் எந்த வருஷத்துப் பதிப்பு என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.